ஒரு கடிதத்தை மட்டும் வைத்து மேலிடத்து ஊழலை எழுதலாமா?

கேள்வி சுருக்கமாக இது. கொழும்பில் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் வேலை செய்யும் இளம் நிருபருக்கு வட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தின் படம் வந்திருக்கிறது. அமைச்சர் ஒருவருக்கு நெருக்கமான கம்பனிக்கு, குறைந்த விலை கேட்டவர்களை ஒதுக்கிவிட்டு, அரச கூட்டுத்தாபனம் ஒன்றின் கேள்விமனு (டெண்டர்) போயிருக்கிறது என்று கடிதம் சொல்கிறது. அனுப்பியவர் உள்ளே வேலை செய்பவர். உடனே செய்தி போடலாமா, இல்லையென்றால் அடுத்து என்ன செய்வது?

இப்போதைக்குப் போடாதீர்கள். கடிதம் பொய் என்பதற்காகச் சொல்லவில்லை. அது உண்மையாகவே இருந்தாலும், குறைந்த விலைக்காரர் ஒதுக்கப்பட்டார் என்பது மட்டும் ஊழலுக்கு ஆதாரமாகாது. நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்களுக்குள் மதிப்பிடப்பட்ட விலை யாருக்குக் குறைவோ அவருக்குத்தான் பெறுகை (அரச கொள்வனவு) விதிப்படி கேள்விமனு போகும். பிணை வைக்காதவர், தேவையான அனுபவச் சான்று இணைக்காதவர், பொருளின் தரக்குறிப்பில் தவறியவர் எல்லோரும் மலிவாகக் கேட்டிருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். இதைத் தெரியாமல் 'குறைந்த விலை நிராகரிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, மறுநாள் கூட்டுத்தாபனத்தின் மறுப்பை அதே பக்கத்தில் போட நேர்ந்த செய்திகள் ஏராளம்.

இன்னொன்றையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். கொமிஷன் கைமாறியதை நீங்கள் நிரூபிக்கப் போவதில்லை. வங்கிக் கணக்குகளைத் திறந்து பார்க்கும் அதிகாரம் நிருபருக்கு இல்லை. கையும் மெய்யுமாகப் பிடிப்பது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் வேலை. உங்களால் நிரூபிக்கக்கூடியது, நடைமுறை எந்தத் திகதியில், எந்த மேசையில், யாருடைய கையெழுத்தில் உடைந்தது என்பதைத்தான். அதைச் சரியாகக் காட்டிவிட்டால் மிச்சத்தை வாசகர் தானே விளங்கிக்கொள்வார். வழக்கறிஞருக்கும் தலையிடி குறைவு.

மத்திய வங்கி பிணைமுறி விவகாரத்தை எடுங்கள். 2015 பெப்ரவரி 27ஆம் திகதி, அரசு கடன் வாங்குவதற்காக விற்கும் 30 வருட முறிகளுக்கான ஏலம். அறிவிக்கப்பட்ட தொகை 100 கோடி ரூபா. அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது 1,005.8 கோடி ரூபா. அதில் ஏறத்தாழப் பாதியைப் பெற்ற பேர்ப்பச்சுவல் ட்ரஷரிஸ், அப்போதைய மத்திய வங்கி ஆளுநரின் மருமகனோடு தொடர்புடைய நிறுவனம். ஏல அறிவித்தலும் ஏல முடிவும் இரகசியமல்ல, இரண்டும் வெளியிடப்படுபவை. பத்து மடங்கு என்ற இந்த ஒரே இடைவெளிதான் சந்தையில் இருந்தவர்களை அன்றே பேச வைத்தது. அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவான கோப் குழுவின் அறிக்கை 2016 ஒக்டோபரில் வந்தது. ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை 2017 டிசம்பர் 30ஆம் திகதி கையளிக்கப்பட்டது. உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் பிறகு விசாரணையில் வந்த கதை. முதல் நூல் நுனி பகிரங்க ஆவணம்.

2020 ஒக்டோபர் 13ஆம் திகதி சீனி இறக்குமதியின் மீதான வரியான விசேட வியாபாரப் பண்ட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறக்கப்பட்டதும் இப்படித்தான். அது அதிவிசேட வர்த்தமானியிலேயே இருந்தது. வரி இறங்கிய அளவுக்குக் கடையில் விலை இறங்கவில்லை என்பதை கொட்டாஞ்சேனைச் சந்தையில் நின்றே கணக்குப் பார்க்கலாம். அரசுக்கு வராமற்போன வருமானம் 1,500 கோடி ரூபாவுக்கு மேல் என்ற கணக்கு பிறகு பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவில் பேசப்பட்டது. இந்த மாதிரி விடயத்தில் நிருபர் தேட வேண்டியது மூன்று திகதிகள்: வர்த்தமானி வந்த நாள், பெரிய இறக்குமதியாளர்களின் சரக்கு துறைமுகத்துக்கு வந்த நாள், அது சுங்கத்திலிருந்து விடுவிக்கப்பட்ட நாள். அறிவித்தலுக்கு முந்திய வாரத்தில் கொள்கலன்களை விடுவிக்காமல் வைத்திருந்தவர் யார் என்ற கேள்வி, நூறு ஊகங்களை விடப் பெறுமதியானது.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். முதல் வேலை, அதை அனுப்பியவரைக் காப்பாற்றுவது. அரச அலுவலகக் கோவையில் ஒவ்வொரு தாளும் யார் மேசைக்குப் போனது என்பதற்கு இறப்பர் முத்திரையும், ஓரத்தில் எழுதிய குறிப்பும், சிற்றொப்பமும் இருக்கும். ஒரே கடிதத்தின் ஐந்து கொப்பிகளில் ஐந்து விதமான முத்திரை இருக்கலாம். படத்தை அப்படியே பத்திரிகையில் போட்டால், எந்தக் கொப்பி வெளியே போனது என்று பிரதம லிகிதர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே அசலை ஒருபோதும் அச்சிடாதீர்கள். தேவையான வரிகளைத் தட்டச்சு செய்து போடுங்கள். வட்ஸ்அப் உரையாடலை அழித்துவிட்டு மறையும் செய்தி வசதியோடு சிக்னல் செயலிக்கு மாறச் சொல்லுங்கள். அலுவலகக் கணினியிலிருந்தோ அலுவலக வைபையிலிருந்தோ எதுவும் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

பலர் கவனிக்காத பொறி ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்தில் அந்தக் கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் எழுதிக் கேட்பது. உங்களுக்கு அந்த இலக்கம் எப்படித் தெரியும் என்பதுதான் அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். கடிதத்தை உள்ளடக்கிய பெரிய கட்டாகக் கேளுங்கள்: இந்த வருடம் இந்தப் பெறுகை தொடர்பாகத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு சமர்ப்பித்த எல்லா அறிக்கைகளும், பெறுகைக் குழுவின் எல்லாத் தீர்மானங்களும், என்று. முடிந்தால் அதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டு கேள்விமனுக்களையும் சேர்த்துக் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. காரணம் சொல்லாமலே கேட்கலாம், தமிழிலும் எழுதலாம். ஆவணம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் கொப்பி வரும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். தருவதென்று தீர்மானித்தால் அதன்பின் 14 நாட்களுக்குள் தர வேண்டும். பெரிய கட்டு என்றால் மேலும் 21 நாள் எடுக்கலாம். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒவ்வொரு கட்டத்தின் கடைசி நாளையும் கலண்டரில் குறித்து வையுங்கள். இழுத்தடிக்கும் அலுவலகங்கள் வெல்வது சட்ட வாதத்தால் அல்ல, நிருபர் திகதியைத் தவறவிடுவதால்.

'ஏன் இந்தக் கம்பனியைத் தெரிவு செய்தீர்கள்' என்று கேட்காதீர்கள். சட்டம் தருவது விளக்கத்தை அல்ல, கையிருப்பிலுள்ள தகவலை. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: ஆரம்பச் செலவு மதிப்பீடு, கேள்வி அறிவித்தல், விலைமனுத் திறப்புக் குறிப்பு, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு அறிக்கை, பெறுகைக் குழுத் தீர்மானம், வழங்கல் கடிதம், ஒப்பந்தம், அதன்பின் வந்த மாற்றக் கட்டளைகள், கொடுப்பனவு வவுச்சர்கள். இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி இரண்டும்தான். கேள்விமனு மட்டத்தில் எல்லாம் கச்சிதமாக இருக்கும்; ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு 'மேலதிக வேலை' என்ற பெயரில் விலை ஏறும். அங்கே பத்திரிகைகள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஒரே ஆவணத்தை இரண்டு இடத்தில் கேளுங்கள். கூட்டுத்தாபனத்திடம் 'காணாமற்போன' அறிக்கை அமைச்சின் கோவையிலோ திறைசேரியிலோ பத்திரமாக இருக்கும்.

மறுப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வர்த்தக இரகசியம். சட்டத்தின் 5(4)ஆம் பிரிவு, பொதுநலன் பெரிதென்றால் விலக்களிப்பைத் தாண்டித் தகவல் தர வேண்டும் என்கிறது. 6ஆம் பிரிவின்படி விலக்களிப்புக்கு உட்பட்ட பகுதியை மறைத்துவிட்டு மிகுதியைத் தர வேண்டும். மேன்முறையீட்டில் இரண்டையும் எழுதுங்கள். அமைச்சரவைப் பத்திரம் என்றாலே தர முடியாது என்றும் சொல்வார்கள். விலக்களிப்பு, இன்னும் தீர்மானம் எடுக்கப்படாத அமைச்சரவைப் பத்திரத்துக்கு மட்டுமே. தீர்மானம் வந்துவிட்டால் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அதைக் கசிவாகப் பெற்று வெளியிடுவது வேறு விடயம். 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைப் பேரவைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் கையில் கசிவு இருந்தாலும் அதே தாளைத் தகவல் சட்டத்தின் வழியே இன்னொரு முறை வாங்கச் சொல்கிறேன்.

விண்ணப்பம் போன பிறகு சும்மா இருக்காதீர்கள். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கம்பனியின் பெயரைத் தேடுங்கள். அங்கே கட்டணம் செலுத்தி படிவம் 1, படிவம் 15, படிவம் 20 மூன்றையும் எடுங்கள். முதலாவது, கம்பனி ஆரம்பிக்கும்போது யார் யார் இருந்தார்கள் என்பது. 15, ஆண்டுதோறும் தர வேண்டிய பங்குதாரர் விபரம். 20, பணிப்பாளர் மாற்றம். கதை பெரும்பாலும் படிவம் 20இல்தான் இருக்கும்: கேள்வி அறிவித்தல் வருவதற்குச் சில கிழமைகளுக்கு முன் ஒருவர் விலகி, ஒருவர் சேர்ந்திருப்பார்.

பெயரை நம்பாதீர்கள். தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே ஆளுக்கு நாலு எழுத்துக்கூட்டல் வரும். ஒரே பெயரில் நாலு ஆளும் இருப்பார்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம் கிடைத்தால் அதைப் பிடியுங்கள். பழைய படிவத்தில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கமும் இருப்பதால் இரண்டு ஆட்கள் என்று நினைத்துவிடுவார்கள். பழையதின் முன்னால் 19 சேர்த்து, அதன் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதியது வரும். ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிப்பவை. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இதை ஆளைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள், செய்தியில் ஒருபோதும் போடாதீர்கள்.

இரண்டு கம்பனிகள் ஒரே முகவரியில் பதிவாகியிருந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். கொள்ளுப்பிட்டியிலும் யூனியன் பிளேசிலும் கம்பனிச் செயலாளர் நிறுவனங்கள் தங்கள் முகவரியிலேயே வாடிக்கையாளர்களின் கம்பனிகளைப் பதிவு செய்வது வழக்கம். ஒரே முகவரியோடு ஒரே பணிப்பாளர், ஒரே தொலைபேசி இலக்கம், ஒரே கணக்காய்வாளர் என்று இரண்டு மூன்று பொருந்தினால்தான் பேச்சு. விலைமனுப் போட்ட மூன்று கம்பனிகளில் இரண்டுக்கு இப்படித் தொடர்பு இருந்தால், போட்டியே நடக்கவில்லை என்பது உங்கள் செய்தி. அது அமைச்சரின் உறவைவிடப் பெரிய செய்தி.

பங்குதாரர் பட்டியலில் பினாமிதான் இருப்பார் என்று சொல்வீர்கள். உண்மைதான். அங்கேதான் காணிப் பதிவகம் உதவும். நொத்தாரிசு ஒருவர் ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆகவே காணி கைமாறியதற்குத் தடயம் எப்போதும் இரண்டு இடத்தில் இருக்கும். ஆனால் ஆளின் பெயரை வைத்துத் தேட முடியாது. காணியின் ஃபோலியோ இலக்கம், அதாவது பதிவேட்டில் அந்தக் காணிக்குரிய பக்கத்தின் இலக்கம், வேண்டும். அதற்கு முதலில் காணியைக் கண்டுபிடிக்க வேண்டும், பழைய உறுதியோ அளவைப் படமோ வேண்டும். நேரம் தின்னும் வேலை. காணி கதையின் நடுவில் இல்லையென்றால் இறங்காதீர்கள்.

சொத்து விபரம் இப்போது முன்னைவிட இலகு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் 1975ஆம் ஆண்டின் பழைய சொத்துப் பொறுப்புச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. மக்கள் பிரதிநிதிகளின் பிரகடனங்கள், தனிப்பட்ட விபரங்கள் மறைக்கப்பட்டு, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் வருகின்றன. ஒரு வருடத்துப் பிரகடனத்தை மட்டும் பார்த்தால் அது வெறும் வம்பு. இரண்டு வருடத்துப் பிரகடனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூடிய சொத்துக்கு வருமானம் எங்கே என்று பார்த்தால்தான் வேலை.

வெளிநாட்டுக் கம்பனி சம்பந்தப்பட்டால், உண்மையான ஆவணம் பெரும்பாலும் இலங்கையில் இருக்காது. விமானம் தயாரிக்கும் எயார்பஸ் கம்பனியின் இலஞ்ச விவகாரம் 2020 ஜனவரி இறுதியில் இலண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இணக்கப்பாட்டின் உண்மைக் கூற்றில் வெளிவந்தது. ஸ்ரீலங்கன் விமானங்களைக் கொள்வனவு செய்தது தொடர்பில், விமான சேவையின் உயரதிகாரி ஒருவரது மனைவியின் கம்பனிக்கு 1 கோடி 68 இலட்சம் டொலர் வரை தர முன்வந்து, 20 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது என்று அதில் இருந்தது. இங்கே எத்தனை கதவைத் தட்டியிருந்தாலும் அந்தத் தாள் கிடைத்திருக்காது. 2021 ஒக்டோபரில் வந்த பண்டோரா ஆவணங்களும், அதாவது கரைகடந்த கம்பனிகளின் உரிமையாளர்களைக் காட்டிய கசிவும், அப்படியே. ஆனால் கரைகடந்த கம்பனி வைத்திருப்பது தன்னளவில் குற்றமல்ல. அந்தத் தரவுத்தளத்தில் பெயர் இருக்கிறது என்பதோடு செய்தியை முடிப்பது சோம்பேறித்தனம்.

வெளிநாட்டு ஒப்பந்தத்தில் ஒரேயொரு விடயத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், விற்பவரும் பணம் பெறுபவரும் ஒருவரா என்று பாருங்கள். 2006ஆம் ஆண்டின் மிக்-27 போர் விமானக் கொள்வனவில் விமானம் உக்ரேன் அரச நிறுவனத்துடையது. பணம் பெறுபவராகக் காட்டப்பட்டது பெல்லிமிசா ஹோல்டிங்ஸ் என்ற வேறொரு கம்பனி. கொழும்புப் பத்திரிகைகள் பிடித்த நூல் அதுதான். அதை எழுதியவற்றில் ஒன்றான சண்டே லீடரின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்டார், எவரும் தண்டிக்கப்படவில்லை. நிமலராஜன், நடேசன், சிவராம் என்று கொல்லப்பட்ட தமிழ்ப் பத்திரிகையாளரின் பட்டியல் அதற்கு முன்பே நீண்டது. ஆகவே கோவையின் முழுப் பிரதி ஆசிரியரிடமும், இன்னொன்று பத்திரிகைக்கு வெளியே நம்பகமான ஒருவரிடமும் இருக்கட்டும். ஒரே ஆளிடம் எல்லாம் இருக்கிறது என்று எதிராளி நினைப்பதுதான் ஆபத்து.

உள்ளே இருப்பவரைத் தவிர வேறு யாரிடம் பேசுவது? விலைமனு திறக்கும்போது கேட்ட விலைகள் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். தோற்ற கம்பனிக்காரர் அங்கே இருந்தவர், இலகுவாகப் பேசுவார். அவர் சொல்லும் விலைகளை நம்பலாம், காரணங்களை நம்ப வேண்டாம். ஓய்வுபெற்ற மதிப்பீட்டுக் குழு உறுப்பினர்கள் இன்னும் நல்லவர்கள். குறிப்பிட்ட விடயத்தைப் பற்றிப் பேசாவிட்டாலும், ஒரு தரக்குறிப்பு எந்தக் கம்பனியை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் ஆண்டறிக்கையில் அந்தக் கூட்டுத்தாபனத்தின் பகுதியைக் கடந்த ஐந்து வருடத்துக்கும் வாசியுங்கள். ஒரே பிழை மூன்று வருடம் திரும்பத் திரும்பக் குறிக்கப்பட்டிருந்தால், 'கவனக்குறைவு' என்ற பதில் இனி எடுபடாது.

எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரே அட்டவணையாக்குங்கள். திகதி, நடந்தது, ஆதாரத் தாள், யாருடைய கையெழுத்து என்று நாலு நிரல் போதும். ஆதாரத் தாள் நிரலில் வெற்றிடம் இருந்தால் அந்த வரி செய்தியில் வராது. தொகைகளை மொழிபெயர்க்கும்போது கவனம்: 10 மில்லியன் ஒரு கோடி, ஒரு பில்லியன் நூறு கோடி. தமிழ்ப் பத்திரிகைகளில் பூச்சியம் ஒன்று கூடுவதும் குறைவதும் இந்த இடத்தில்தான். 'நட்டம்', 'வராமற்போன வருமானம்', 'கையாடல்' மூன்றையும் கலக்காதீர்கள். சீனி வரியில் நடந்தது இரண்டாவது.

பதில் கேட்பது கடைசிக்கு முந்திய படி. ஆவணங்கள் கைக்கு வருமுன் கேட்டால் கோவை திருத்தப்படும். அச்சுக்குப் போகும் இரவில் கேட்டால் அது கேட்டதாகாது. இலக்கமிட்ட கேள்விகளை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ஐந்து வேலை நாள் கொடுங்கள். குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி இருக்க வேண்டும். கேட்காத விடயத்தைச் செய்தியில் சேர்க்காதீர்கள். தபால் பற்றுச்சீட்டைக் கோவையில் ஒட்டுங்கள்.

குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது. சிவில் வழக்கு இருக்கிறது, அதில் உண்மை என்பது மட்டும் போதாது. ரோமன் டச்சுச் சட்டப்படி உண்மையும் பொதுநலனும் சேர்ந்தே காப்பு. நூறு கோடி நட்டஈடு கேட்கும் கோரிக்கைக் கடிதம் வந்தால் கலங்காதீர்கள்; அது பெரும்பாலும் அடுத்த பகுதியை நிறுத்துவதற்கு. வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் இருப்பதால், குறிப்புப் புத்தகம் உட்பட, செய்திக்கு ஆதாரமான எதையும் அதற்குமுன் அழிக்கக் கூடாது. புதுக்கடை நீதிமன்றத்தில் பொலிஸார் தாக்கல் செய்த பீ அறிக்கை, பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சார்ட், கோப் குழு விசாரணை ஆகியவற்றை நேர்மையாகவும் சரியாகவும் அறிக்கையிடுவதற்குப் பாதுகாப்பு உண்டு. கடினமான வரிகளை முடிந்தவரை அவற்றின் மேல் நிறுத்துங்கள். இணையத்திலும் போடுவதானால் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் வழக்கறிஞர் பார்க்கட்டும்.

செய்தி வந்த பிறகு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். நிருபர் செய்யக் கூடாது என்பது என் அபிப்பிராயம். முறைப்பாட்டாளர் ஆகிவிட்டால் நீங்கள் சாட்சி, அடுத்த பகுதியை எழுத முடியாது. வேண்டுமானால் வேறு யாராவது பத்திரிகைத் துண்டை இணைத்துச் செய்யட்டும். நீங்கள் தகவல் மேன்முறையீட்டைக் கைவிடாதீர்கள். செய்தி வந்துவிட்டதே என்று பலர் அங்கே விட்டுவிடுகிறார்கள். தகவல் ஆணைக்குழுவின் கட்டளை மாதக்கணக்கில் தாமதித்து வந்தாலும், அப்போது கைக்கு வருவது அநேகமாகக் கொடுப்பனவு வவுச்சர்கள்தான்.